கண்ணாடித் தட்டில் மின்சாரம்: முதன்முறை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆறடி விட்டமுள்ள பழைய டிவி டிஷ் ஒன்றின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்ன முகக்கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வெயிலில் நிறுத்தினால், அதன் குவியத்தில், அதாவது ஒளி வந்து சேரும் இடத்தில், காட்டிய விறகு சில நொடிகளில் புகைந்து பற்றிக்கொள்ளும். அதைப் பார்த்த எவருக்கும் அடுத்து வரும் கேள்வி, “இதிலிருந்து கரண்ட் எடுக்க முடியுமா?” என்பதுதான். முடியும். ஆனால் ஒளியைச் சரியாகக் குவிப்பது முதல் வேலை. குவிந்த ஒளியைச் சூடாகப் பிடித்து வைப்பது இரண்டாவது. சூட்டை மின்சாரமாக மாற்றுவது கடைசி வேலை. முதல் இரண்டும் கைவராமல் மூன்றாவதற்குப் பணம் போட்டவர்கள்தான் பாதியில் விட்டுப் போகிறார்கள். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

ஆறடி, அதாவது 1.8 மீட்டர் விட்டமுள்ள தட்டின் பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். நல்ல தெளிந்த வெயிலில், சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி ஒரு சதுர மீட்டருக்கு 800 வாட் அளவுக்கு இருக்கும். ஆக, தட்டில் விழுவது 2000 வாட். கண்ணாடி 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, குவியத்தில் சூட்டைப் பிடிக்க வைக்கும் கருவியின் நிழல் இவற்றுக்கு இன்னொரு பத்து சதவீதம் போகும். மீதம் சுமார் 1500 வாட். குறி தவறும் ஒளி, காற்றில் போகும் சூடு எல்லாம் கழிந்து, கைக்கு 1000 வாட் சூடு கிடைத்தால் அது நல்ல தட்டு.

அந்த 1000 வாட் சூட்டிலிருந்து, வீட்டில் செய்யக்கூடிய எளிய வழியில் வரும் மின்சாரம் 30 முதல் 40 வாட். இதே 2.5 சதுர மீட்டரில் சாதாரண சோலார் பேனல் வைத்தால் 500 வாட் வரும், எந்தத் தொல்லையும் இல்லாமல். எனவே மின்சாரம் மட்டும் வேண்டும் என்றால் பேனலே போதும், அதை வாங்கிவிடுங்கள். சூடும் மின்சாரமும் சேர்ந்து வேண்டும், அல்லது இந்தத் தொழில்நுட்பத்தைக் கையால் செய்து கற்க வேண்டும் என்றால் தட்டு உங்களுக்கானது.

பேனலால் முடியாத ஒன்றும் தட்டுக்கு உண்டு. சூட்டைச் சேமித்து வைக்கலாம். ராஜஸ்தானின் அபு ரோட்டில் பிரம்மா குமாரிகள் அமைத்த ‘இந்தியா ஒன்’ மின்நிலையத்தில் 770 தட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர். ஒவ்வொரு தட்டின் குவியத்திலும் ஒரு பெரிய வார்ப்பிரும்புக் கட்டி பகலெல்லாம் காய்கிறது. அதிலிருந்து நீராவி எடுத்து 1 மெகாவாட் டர்பைனை ஓட்டுகிறார்கள். இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இரவிலும் ஓட்ட முடிகிறது.

முதலில் சாக்கு, பிறகு கண்ணாடி

கண்ணாடி வாங்கும் முன் தட்டை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு சணல் சாக்கோ தார்ப்பாயோ தைத்து வையுங்கள். வேலை செய்யும் நேரம் தவிர தட்டு எப்போதும் மூடியே இருக்க வேண்டும்.

என் முதல் தட்டை, பசை காயட்டும் என்று மொட்டை மாடியில் வானம் பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மேலே கொடியில் காய்ந்த போர்வையில் கையகலத்துக்கு ஓட்டை, சுற்றிலும் கருகல். எங்கள் வீட்டுக் குழந்தைகள் சற்று முன்புவரை அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு சாக்கு இல்லாமல் நான் ஒரு தட்டையும் வெயிலுக்குக் கொண்டுபோனதில்லை.

நம் ஊருக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் “காற்று அடித்தால் தட்டை வானம் பார்க்கப் படுக்க வையுங்கள்” என்று இருக்கும். குளிர் நாடுகளில் அது சரி, அங்கே சூரியன் தலைக்கு நேர்மேலே வருவதே இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உச்சி வேளையில் வானம் பார்த்த தட்டு பல மாதங்கள் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே தட்டைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும், அல்லது மூடிக் கட்ட வேண்டும்.

காற்றையும் குறைவாக நினைக்காதீர்கள். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று ஆறடித் தட்டை நேருக்கு நேர் மோதினால் ஏறத்தாழ 50 கிலோ மூட்டை சாய்ந்து அழுத்துவது போன்ற விசை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், தட்டு எம்மாத்திரம். அடித்தாங்கியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

கண்ணுக்கு: குவியத்து வெளிச்சப் புள்ளியை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. வெல்டிங் பட்டறையில் போடும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். சூரியனை அதன் வழியாகக்கூட நிமிர்ந்து பார்க்கும் தேவை இந்த வேலையில் எங்கும் வராது.

தட்டைத் தேர்ந்தெடுப்பது

வீட்டு மாடிகளில் இருக்கும் சின்ன டிடிஎச் டிஷ்ஷின் குவியம் நடுவில் இல்லை. அது ஒரு பெரிய பரவளையத்தின் (நேராக வரும் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் கிண்ண வடிவத்தின்) ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதனால்தான் அதன் கை கீழிருந்து நீண்டு நிற்கிறது. பழகிப் பார்க்க அது நல்லது. 60 செ.மீ. டிஷ்ஷில் 180 வாட் வரை குவிக்கலாம், ஒரு டம்ளர் தண்ணீர் காய்ச்சலாம். மின்சாரம் எடுக்க, கேபிள் டிவிக்காரர்கள் வைத்திருந்த பெரிய வட்ட டிஷ் வேண்டும். காயலான் கடைகளில் கிடைக்கும். கம்பி வலை போட்டது வேண்டாம், தகடாகவோ ஃபைபராகவோ முழுதாக இருப்பதை எடுங்கள்.

வாங்கும் முன் இரண்டு நூல்களை விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்காகக் கூட்டல் குறி போல இழுத்துக் கட்டிப் பாருங்கள். இரண்டும் நடுவில் லேசாக உரசிக்கொண்டால் தட்டு சரி. இடையில் விரல் நுழைகிறது என்றால், அல்லது ஒரு நூல் மற்றதை அழுத்தி வளைக்கிறது என்றால் விளிம்பு முறுக்கியிருக்கிறது. அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

குவியத்தூரம் கண்டுபிடிக்க எளிய வாய்பாடு உண்டு. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுங்கள். 180 செ.மீ. விட்டமும் 27 செ.மீ. ஆழமும் இருந்தால், 32,400 வகுத்தல் 432, அதாவது 75 செ.மீ. தட்டின் நடு அடியிலிருந்து இந்த உயரத்தில்தான் ஒளி சேரும்.

கண்ணாடி ஒட்டுவது

2 மி.மீ. கனமுள்ள சாதாரண முகக்கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் 5 செ.மீ. சதுரங்களாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆறடித் தட்டுக்கு சுமார் 1000 துண்டுகள் பிடிக்கும். எடை 13 கிலோவுக்கு அருகில் வரும். பளபளப்பான பரிசுத்தாள் மலிவுதான், ஆனால் சுருக்கம் விழும், சில மாதங்களில் மங்கும். அக்ரிலிக் கண்ணாடி வெயிலில் நெளியும். எவர்சில்வர் தகடு பளபளவென்று தெரிந்தாலும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும்.

துண்டு ஏன் 5 செ.மீ.? சூரியன் நம் கண்ணுக்கு அரை பாகை அகல வட்டம். 75 செ.மீ. குவியத்தூரத்தில் அதன் பிம்பம் 7 மில்லிமீட்டர்தான். ஆனால் தட்டையான துண்டு தன் அளவுக்கே ஒளிக்கட்டம் ஒன்றைத் தரும். ஆக, புள்ளி 5 செ.மீ.யும் அதற்கு மேல் கொஞ்சமும். தட்டின் குறைகளையும் சேர்த்து நடைமுறையில் 8 முதல் 10 செ.மீ. வரும். 10 செ.மீ. துண்டு ஒட்டினால் வேலை கால்வாசிதான், ஆனால் புள்ளி ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

பசையில் கவனமாக இருங்கள். காடி (வினிகர்) வாசனை வரும் சிலிகான் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும், சில மாதங்களில் கறுப்புத் திட்டுகள் தெரியும். கடையில் “நியூட்ரல் சிலிகான்” என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டி முடித்ததும் துண்டுகளின் வெட்டு ஓரங்களில் பெயின்ட் தொட்டுவிடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது, உப்புக்காற்று ஓரத்திலிருந்துதான் உள்ளே புகும்.

பௌர்ணமியில் சோதனை

இந்தப் படி எனக்கு மிகவும் பிடித்தது. முழுநிலவும் வானத்தில் ஏறக்குறைய சூரியனின் அகலம்தான், அதே அரை பாகை. ஒளியோ 4 லட்சத்தில் ஒரு பங்கு. எனவே சூரியனில் செய்ய அஞ்சும் சோதனை எல்லாவற்றையும் பௌர்ணமி இரவில் வெறுங்கையோடு செய்யலாம். தட்டைச் சந்திரனை நோக்கித் திருப்பி, குவியத்தில் வெள்ளைத்தாள் பிடியுங்கள். புள்ளி எவ்வளவு பெரிது, எந்த உயரத்தில் மிகச் சிறியதாகிறது, பக்கத்தில் சிதறும் ஒளி எந்தத் துண்டிலிருந்து வருகிறது, எல்லாம் தெளிவாகத் தெரியும். தட்டில் பாதியைத் துணியால் மூடி மூடிப் பார்த்தால் குறை உள்ள இடம் அகப்பட்டுவிடும். கோணலான துண்டைப் பெயர்த்து மறுபடி ஒட்டுங்கள். சூரியனைத் தொடர்ந்து திருப்பும் பழக்கத்தையும் இங்கேயே பயிலலாம்.

சூரியன் பின்னால் போவது

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. தட்டை அசைக்காமல் விட்டால் 4 நிமிடத்தில் புள்ளி 1.3 செ.மீ. நகர்ந்துவிடும். கையால் திருப்புவதென்றால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தொட வேண்டும்.

வேலையைக் குறைக்கும் வழி, தட்டு சுழலும் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைப்பது. ஒரு கனமான குழாயை வடக்கு தெற்காகக் கிடத்தி, வடக்கு முனையை உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்த்துங்கள். சென்னைக்கு 13 பாகை, மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. நமக்குக் குழாய் கிட்டத்தட்ட படுத்தேதான் இருக்கும், அதனால் தாங்கி செய்வது சுலபம். இப்படி வைத்துவிட்டால் நாள் முழுக்க ஒரே அச்சில் சுழற்றினால் போதும். பருவத்துக்கு ஏற்ப மேலும் கீழும் சாய்க்க இன்னொரு கீல் வேண்டும், அதைச் சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டால் போதும்.

அந்தக் கீல் இரண்டு பக்கமும் 23.5 பாகை சாய வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். தெற்கே மட்டும் சாயும்படி செய்த தாங்கி அந்த மாதங்களில் சரியாகக் குறி பிடிக்காது.

வடக்கைக் கண்டுபிடிக்க, சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறித்துச் சேர்த்தால் அது கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகப் போடும் கோடு வடக்கு தெற்கு. கோயில் கட்டும் ஸ்தபதிகள் ‘சங்கு’ என்ற குச்சியை நட்டுத் திசை பார்க்கும் அதே முறைதான், மிகத் துல்லியமானது. தட்டு சூரியனை நேராகப் பார்க்கிறதா என்று அறிய, விளிம்பில் ஒரு நீள போல்ட்டைத் தட்டின் அச்சுக்கு இணையாக நிறுத்தி வையுங்கள். அதன் நிழல் மறைந்தால் குறி சரி.

அப்புறம் மோட்டார் போடலாம். பழைய பெரிய டிஷ்களோடு வந்த நீள்தண்டு மோட்டாரே போதும். இரண்டு ஒளி உணரிகளை வைத்து ஓட்டினால் மேகம் வந்த நேரத்தில் அது வெளிச்சமான மேகத்தைத் துரத்தப் போய்விடும். கடிகாரத்தை வைத்து நகர்த்துவது நம்பகமானது. மின்சாரம் நின்றால் மோட்டாரும் நிற்கும், புள்ளி மெதுவாக ஊர்ந்து கருவியின் பக்கவாட்டில் ஏறும். அதனால் ஒயர், ரப்பர் குழாய் எதுவும் கருவியில் ஒளி நுழையும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சூட்டை அளந்து பாருங்கள்

மின்சாரத்துக்கு முன் ஒரு பக்கெட் சோதனை. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில், பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, 5 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குவியத்தில் தொங்கவிடுங்கள். பாத்திரம் திறந்தே இருக்கட்டும். நண்பகலை ஒட்டிய நேரத்தில், 10 நிமிடத்தில் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் கிடைத்த சூடு 1046 வாட். கணக்கு இதுதான்: தண்ணீரின் கிலோ, ஏறிய டிகிரி, 4186 மூன்றையும் பெருக்கி, எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்க வேண்டும். 700 வாட்டுக்குக் கீழே வந்தால் மின்சாரப் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கும் குறிக்கும் திரும்பிப் போங்கள்.

வானத்தையும் பாருங்கள். குவிதட்டு நேர் ஒளியை மட்டுமே பிடிக்கும். வெளிர் மூட்டம் இருக்கும் நாளில் பேனல் ஓரளவு வேலை செய்யும், தட்டு செத்துவிடும். இந்தியா ஒன் ராஜஸ்தானின் வறண்ட வானத்துக்குக் கீழே இருப்பதில் காரணம் இருக்கிறது.

மின்சாரம்

இரண்டு தவறுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சோலார் பேனலைக் குவியத்தில் வைக்காதீர்கள், கருகிப்போகும். மூடிய பாத்திரத்தில் நீராவி செய்யாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது 1600 மடங்குக்கு மேல் விரியும், வெடித்தால் உயிர்போகும். பாய்லர் செய்வது அதற்கென்று அனுமதி பெற்றவர்களின் வேலை.

வீட்டில் செய்யத் தக்கது வெப்பமின் தகடு. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் நடுவில் மின்னழுத்தம் தரும் 4 செ.மீ. சதுரத் தகடு. கடையில் குளிரூட்டப் பயன்படும் பெல்டியர் தகட்டைக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதன் உள்ளே உள்ள பற்றாசு (சால்டர்) 138 டிகிரியிலேயே உருகிவிடும். மின்சாரம் தயாரிக்கவே செய்த, 220 டிகிரிக்கு மேல் தாங்கும் வகையைக் கேளுங்கள்.

கனமான அலுமினியத் தகட்டில், உள்வாய் 10 செ.மீ. உள்ள சதுரப் பெட்டி ஒன்றை லேத் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். ஒரு முனை திறந்து தட்டைப் பார்க்கும், மறுமுனை மூடி, சூடு வெளியேறாமல் தடுக்கும் கிளாஸ் வுல் சுற்றியிருக்கும். ஒளி உள்ளே போய்ச் சுவர்களில் பட்டுச் சிக்கிக்கொள்ளும். நான்கு வெளிச்சுவர்களிலும் இரண்டிரண்டு தகடுகள், ஆக எட்டு. அவற்றின் மேல் தண்ணீர் ஓடும் குளிர்ப்பெட்டிகளை வைத்து ஸ்பிரிங்கோடு சீராக இறுக்க வேண்டும். இடையில் சூட்டைக் கடத்தும் வெப்பப்பசை தடவ மறக்காதீர்கள்.

தண்ணீரை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும்படி விடுங்கள். பம்பை நம்பினால், அது நின்ற சில நிமிடத்தில் எட்டுத் தகடும் போகும். முதலில் தண்ணீர் திறந்து, ஓடுவதைக் கண்ணால் பார்த்து, பிறகுதான் சாக்கை விலக்க வேண்டும். பெட்டிச் சுவரில் ஒரு வெப்ப உணரி வைத்து, 220 டிகிரியைத் தாண்டினால் தட்டைத் திருப்பிவிடுங்கள்.

மீட்டரில் லோடு இல்லாமல் தெரியும் வோல்டேஜைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். லோடு போட்டு, அந்த வோல்டேஜ் பாதியாகும் இடத்தில்தான் அதிக வாட் கிடைக்கும். தகடுகளைத் தொடராக இணைத்து, வோல்டேஜை மாற்றித் தரும் ஒரு டிசி கன்வர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். நல்ல வெயிலில் 30 வாட் வந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

இதைவிட அதிகம் வேண்டும் என்றால் ஸ்டெர்லிங் எஞ்சின். ஸ்காட்லாந்தின் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்றது. உள்ளே அடைத்த வாயுவைச் சூடாக்கியும் குளிர்வித்தும் பிஸ்டனை ஓட்டும். 2008 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள சாண்டியா ஆய்வகத்தில், தட்டும் ஸ்டெர்லிங் எஞ்சினும் சேர்ந்து சூரிய ஒளியின் 31.25 சதவீதத்தை மின்கம்பிக்கு அனுப்பியது. அந்த அமைப்பை உருவாக்கிய நிறுவனம் 2011-இல் திவாலானது. பேனல் விலை அந்த வேகத்தில் இறங்கியது.

ஆனால் ஸ்டெர்லிங்குக்கு 600 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு கறுப்புப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோவாட்டை வெளியே கொட்டும். வெளிச்சப் புள்ளி 20 செ.மீ. சதுரமாக விரிந்துவிட்டால் இழப்பே 1300 வாட், அதாவது உங்களுக்குக் கிடைத்தது முழுவதும். 8 செ.மீ. சதுரத்துக்குள் அடக்கினால் இழப்பு 210 வாட். கண்ணாடியைத் துல்லியமாக ஒட்டச் சொல்லி இவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான். 220 டிகிரியில் ஓடும் வெப்பமின் தகடு கோணல்மாணல்களைப் பொறுத்துக்கொள்ளும், ஸ்டெர்லிங் பொறுக்காது. முதல் தட்டில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

தட்டு ஓடத் தொடங்கிய பிறகு

வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் கண்ணாடியைத் துடையுங்கள். போர்வெல் தண்ணீர் உப்புத் திட்டு விடும், மழைநீர் பிடித்து வைத்திருந்தால் மிகவும் நல்லது. எட்டுத் தகடுகளில் ஒன்றின் வோல்டேஜ் திடீரென இறங்கினால் பெரும்பாலும் பசை காய்ந்திருக்கும் அல்லது இறுக்கம் தளர்ந்திருக்கும்.

முடிந்தால் ஒருமுறை ஆரோவில்லுக்குப் போய், சூரிய சமையற்கூடத்தின் கூரையில் இருக்கும் 15 மீட்டர் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். அங்கே கிண்ணம் அசைவதில்லை, நடுவே தொங்கும் வெப்பக் குழாய்தான் சூரியனுக்கேற்ப நகர்கிறது. அது கோளவடிவம் என்பதால் அப்படிச் செய்ய முடிகிறது. நம் பரவளையத் தட்டு ஏன் முழுதாகத் திரும்பியாக வேண்டும் என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.

குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை வீணாக்காதீர்கள். மின்சாரமாக மாறாத சூடு ஏறக்குறைய முழுவதும் அதில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 700 மில்லிலிட்டர் ஓடவிட்டால், ஒரு மணி நேரத்தில் 40 லிட்டர் தண்ணீர் 20 டிகிரி சூடேறி வரும். அதை மூடிய டிரம்மில் பிடித்துக் கிளாஸ் வுல் சுற்றி வைத்தால், மாலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வீட்டுக்குப் போதும்.